யோடலிங்: தமிழில் 'தாவுகுரல்'

யோடலிங் என்ற பாட்டுமுறை என்றால் மலை உச்சியில் நின்று கத்துவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது சத்தத்தைப் பற்றியதே அல்ல, குரலின் தாவலைப் பற்றியது. தாழ்ந்த சுரங்களைப் பாடும்போது குரல்நாண்கள் தடித்து முழுமையாக அதிரும். மேலே போனால் இழுபட்டு மெலிந்து, விளிம்பு மட்டும் அதிரும். அதைத்தான் பொய்க்குரல், கள்ளக்குரல் என்கிறோம். இரண்டுக்கும் நடுவே குரல் 'உடையும்' இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான பாட்டுப் பயிற்சிகள் அந்த உடைப்பை மறைக்கக் கற்றுத்தருகின்றன. யோடலிலோ அது பளிச்சென்று காதில் விழ வேண்டும், அழகே அங்கேதான் இருக்கிறது. 'ஹோ-லா-ரி-தி-ஓ' போன்ற பொருளற்ற அசைகளைப் பாடுவதற்கும் காரணம் உண்டு: அ, ஒ கீழ்க்குரலுக்கு வாகானவை, இ மேற்குரலுக்கு. உயிரெழுத்து மாறும்போது குரலும் எளிதாகத் தாவிவிடும்.

சொல்லின் பிறப்பிடம் ஜெர்மன் மொழி. 'யோ' என்பது ஒரு மகிழ்ச்சிக் கூவல். அதிலிருந்து வந்த பழைய வினை, கூவுதல் என்ற பொருளுடைய 'யோலன்'. அதன் வழியில் வந்ததே 'யோடெல்ன்'. ஆங்கிலம் இதை 19ஆம் நூற்றாண்டில்தான் கடன் வாங்கியது. ஆனால் சுவிட்சர்லாந்தின் மலை மக்கள் ஊருக்கு ஊர் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பென்செல் வட்டாரத்தில் ஒரு பக்கம் 'ட்சொய்யர்லி', இன்னொரு பக்கம் 'ருக்குஸ்ஸெலி'; மூவோத்தா பள்ளத்தாக்கில் 'யூட்ஸ்'. இதன் நெருங்கிய உறவு மாடழைக்கும் பாட்டு. அப்பென்செல் மேய்ப்பர்களின் அப்படியொரு பாட்டு, பசுவை 'லோபே, லோபே' என்று கூப்பிடுவது, 1545இலேயே விட்டன்பெர்க் நகரில் கியோர்க் ராவ் வெளியிட்ட இசைத் தொகுப்பில் அச்சேறிவிட்டது.

ஆல்ப்ஸிலிருந்து இது வெளியேறியது மேடை வழியாக. ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் உள்ள சில்லர் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ரைனர் குடும்பத்தார் 1820களில் இங்கிலாந்திலும், அடுத்த தலைமுறையினர் 1839 முதல் அமெரிக்காவிலும் பாடித் திரிந்தார்கள். அப்புறம் 1927 நவம்பரில், ரயில்வேயில் வேலை பார்த்த அமெரிக்கப் பாடகர் ஜிம்மி ராஜர்ஸ் கறுப்பின மக்களின் புளூஸ் இசையோடு யோடலைச் சேர்த்து ஓர் இசைத்தட்டுப் பதிந்தார். மேய்ச்சல் நிலத்துக் கூவல் ஏக்கப் பாட்டாக மாறியது அங்கேதான். அந்த இசைத்தட்டுகள் எவ்வளவு தூரம் போயின தெரியுமா? கென்யாவின் கிப்சிகிஸ் மக்கள் அவர் பெயரை 'செமிரோச்சா' என்று மாற்றித் தங்கள் பாட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். 1950இல் ஆப்பிரிக்க இசை ஆய்வாளர் ஹியூ டிரேசி அதைப் பதிவு செய்தார். இந்தியில் கிஷோர் குமாரும் தமிழ்த் திரையில் ஜே.பி. சந்திரபாபுவும் இந்தத் தாவலைப் பாட்டுக்கு நடுவே லாவகமாகப் போட்டவர்கள்.

ஆனால் எல்லாமே ஆல்ப்ஸிலிருந்து போனவை என்று எண்ணிவிடக் கூடாது. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளின் ஆகா, பாகா மக்கள் பல குரல்களைப் பின்னிப் பாடும் யோடல் அவர்களுடையதே. ஜார்ஜியா நாட்டின் குரியா பகுதியில் உள்ள 'கிரிமாஞ்சுலி'யும் அப்படித்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? குலவை பொருந்தாது, அது நாக்கை அசைத்து எழுப்பும் ஒலி. கூவல் மிகப் பொதுவான சொல். தினைப்புனத்தில் கிளி ஓட்டும் 'ஆலோலம்' மனத்துக்கு நெருக்கமானது. மலை, காவல், பொருளற்ற அசை எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் அந்தச் சொல் குறிப்பது பறவை ஓட்டுவதை, குரலின் தாவலை அல்ல. அதனால்தான் 'தாவுகுரல்' என்கிறேன். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. தாவிய, தாவுகிற, தாவும் குரல் மூன்றும் அதில் அடங்கும். பாடுபவர் தாவுகுரல் பாடகர், பாடுவது தாவுகுரல் பாட்டு. ட்சொய்யர்லி, கிரிமாஞ்சுலி போன்ற வட்டாரப் பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுவதே முறை.