கருணைக்கும் ரசீது வேண்டும்

டிக்கெட் பரிசோதகராக நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். மாலை நேர ரயில், நல்ல கூட்டம். வேலை முடிந்து களைத்துப்போய் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் பையைத் துழாவி பாஸை எடுத்து நீட்டினார். அது முந்தைய நாளோடு முடிந்திருந்தது. "தேதியைக் கவனிக்கலையே தம்பி, வருஷக்கணக்கா இதே வண்டியிலதான் வர்றேன்" என்றார். நான் பதில் பேசவில்லை. முழு அபராதத்துக்கும் ரசீது எழுதிக் கொடுத்தேன். கையில் இருந்த பணத்தை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

இரண்டு பெட்டி தள்ளி இன்னொருவர். நல்ல உடை, நிதானமான பேச்சு. அவருடைய பாஸும் முந்தைய நாளோடு முடிந்திருந்தது. "தப்பு என்னுடையதுதான், இறங்கினதும் புதுப்பிச்சுடறேன்" என்றார். "சரி சார், மறந்துடாதீங்க" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

இரவு கணக்கு ஒப்படைக்க ரசீதுகளை அடுக்கும்போதுதான் உறைத்தது. ஒரே நாள், ஒரே வண்டி, ஒரே தவறு. ஒருவருக்கு அபராதம், இன்னொருவருக்கு மன்னிப்பு. நான் யாரிடமும் கையூட்டு வாங்கவில்லை, யார்மேலும் கோபமும் இல்லை. ஒருவர் பேசிய விதம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது, அவ்வளவுதான். அதைவிட மோசம், அந்த அம்மாவுக்குப் போட்ட அபராதத்துக்குத்தான் ரசீது இருந்தது. இவரை விட்டதற்கு எந்தத் தடயமும் இல்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேல் பரிசோதனையில் இருந்தேன். பிறகு பயணிகள் அனுப்பும் அபராத மேல்முறையீடுகளைப் படித்து முடிவு சொல்லும் பொறுப்பு வந்தது. கட்டண விதிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "கொஞ்சம் மனிதாபிமானத்தோடு நடந்துகொள்ளக் கூடாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மனிதாபிமானத்தைப் பரிசோதகரின் அன்றைய மனநிலையிடம் விட்டால் என்ன ஆகும் என்பதை அந்த மாலையிலேயே பார்த்துவிட்டேன். நன்றாகப் பேசத் தெரிந்தவருக்குச் சலுகை, பேசத் தெரியாதவருக்குச் சட்டம். மொழி தெரியாதவர், பதற்றத்தில் வாய் குழறுபவர், காது சரியாகக் கேட்காதவர், பார்வைக்கு ஏழையாகத் தெரிபவர் எல்லாம் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார்கள்.

கறாரான விதிக்குக் காரணங்கள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் போனால் என் கூட வேலை பார்த்தவர்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். பெட்டியில் இருக்கும் மற்ற அத்தனை பேரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார்கள். ஒருவரை விடுவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தினமும் ஒரே கதையைச் சொல்லி 'வித்தவுட்'டில் போகிறவர்களும் இருக்கிறார்கள். சலுகை காட்டலாம் என்ற கதவு திறந்தால் அது வழியாக லஞ்சமும் நுழையும். ரசீது இல்லாமல் பாதிப் பணம் வாங்கிக்கொண்டு விடுவதைச் சிலர் "உதவி" என்றே சொல்வார்கள். அது திருட்டு. கூடவே பாதுகாப்புப் பிரச்சினையும் இருக்கிறது. பரிசோதகர்கள், கண்டக்டர்கள் மீது கை ஓங்கப்படும் சம்பவங்களில் பல, டிக்கெட் தகராறில்தான் ஆரம்பிக்கின்றன. "விதி இது, என் கையில் எதுவும் இல்லை" என்று சொல்ல முடிவது தனியாக ஒரு பெட்டியில் நிற்கும் ஊழியருக்கு ஒரு கவசம்.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கறார் என்று நாம் நினைக்கும் சட்டங்களுக்குள்ளேயே தவறியவரையும் ஏமாற்றியவரையும் பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு எழுதப்பட்டிருக்கிறது.

இந்திய ரயில்வே சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தில் 137-வது பிரிவு, ஏமாற்றும் நோக்கத்தோடு பயணம் செய்வதைப் பற்றியது. அது குற்றம், சிறைவரை போகும். 138-வது பிரிவு, சரியான டிக்கெட் இல்லாதவரிடம் கட்டணத்தையும் அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகையையும் வசூலிப்பது. அங்கே நோக்கம் பற்றிய கேள்வியே இல்லை. இரண்டும் தனித்தனிப் பிரிவுகளாக இருப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. மறதிக்காரரை மோசடிக்காரர் என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி அழைப்பதற்கு எந்தப் பரிசோதகருக்கும் சட்டம் இடம் தரவில்லை.

அதே சட்டத்தின் 55-வது பிரிவு இன்னும் முக்கியமானது. டிக்கெட் இல்லாமல் வண்டியில் ஏறக்கூடாது என்று சொல்லும் அதே இடத்தில், அதிகாரம் பெற்ற ஊழியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பயணம் செய்யலாம் என்றும் இருக்கிறது. அனுமதி கொடுத்தவர், பயணி பிறகு கட்டணம் செலுத்துவார் என்று ஒரு சான்றும் கொடுப்பார். அந்தச் சான்று கையில் இருந்தால் 138-ன் கூடுதல் தொகை கிடையாது, கட்டணம் மட்டும்தான். இங்கிலாந்து ரயில்வேயின் துணை விதிகளும் இப்படித்தான். டிக்கெட் வாங்கும் இடமோ இயந்திரமோ வேலை செய்யவில்லை என்றாலோ, அதிகாரமுள்ள ஊழியர் அனுமதித்திருந்தாலோ டிக்கெட் இல்லாமல் ஏறியது குற்றமாகாது.

இரண்டு நாடுகளின் விதிகளும் ஒரே இடத்தில்தான் கருணையை வைத்திருக்கின்றன: வண்டி ஏறுவதற்கு முன்னால். ஏறும் முன் நீங்களே போய்ச் சொன்னால் நீங்கள் பிரச்சினையோடு வந்த பயணி. ஏறிய பிறகு, பரிசோதகர் பக்கத்தில் வந்து நின்றதும் சொன்னால், அதே வார்த்தைகள்தான், ஆனால் எடை குறைந்துவிடும். இது எப்போதும் நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். கவுன்டரில் ஆளே இல்லாத நிலையங்கள் பெருகிவிட்ட காலத்தில் முன்கூட்டி யாரிடம் போய்ச் சொல்வது? ஆளை எடுத்துவிட்டு, "ஆளிடம் ஏன் சொல்லவில்லை" என்று கேட்பது எனக்கு ஒப்பாது. அந்த மாதிரி நிலையங்களில் பேசுவதற்கு ஒரு பொத்தானாவது, எண்ணாவது இருக்க வேண்டும். அதுவும் இல்லாத இடத்தில் அபராதம் போடும் உரிமை நிர்வாகத்துக்கு இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சூழ்நிலை பார்த்து முடிவெடுக்கும் விருப்புரிமையை விதிக்குள்ளேயே எழுதி வைத்தவர்களும் உண்டு. ஜெர்மனியில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. ஆனால் உங்கள் பெயரில் செல்லுபடியாகும் பாஸ் இருந்து, அன்று வீட்டில் மறந்து வந்திருந்தால், ஒரு வாரத்துக்குள் அதைக் கொண்டுபோய்க் காட்டினால் 7 யூரோதான். பரிசோதகர் யாரையும் எடைபோட வேண்டியதில்லை. நல்லவரா, நடிக்கிறாரா, அழுகிறாரா என்று பார்க்கத் தேவையே இல்லை. மறந்தவருக்கு வழி தயாராக இருக்கிறது. ஜப்பான் நிலையங்களில் வெளியேறும் கேட்டுக்குப் பக்கத்திலேயே கட்டணத்தைச் சரிசெய்யும் இயந்திரம் நிற்கும். வாங்கிய டிக்கெட்டைத் தாண்டிக் கூடுதல் தூரம் வந்துவிட்டீர்களா, வித்தியாசத்தை அதில் செலுத்திவிட்டு வெளியே போகலாம். யாரிடமும் கெஞ்ச வேண்டாம். பயணி தவறுவது இயல்பு என்று ஒத்துக்கொண்டு கட்டிய ஏற்பாடு அது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. இங்கிலாந்தில் சில ரயில் நிறுவனங்கள், கட்டணம் ஏய்த்ததாகப் பயணிகள்மீது வழக்குப் போட விரைவு முறை ஒன்றைப் பயன்படுத்தின. பயணி நேரில் வராமலே, ஒரே ஒரு மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யும் முறை. அந்த நாட்டின் 1889-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் கீழ் வரும் அந்தக் குற்றத்தை இந்த முறையில் விசாரிக்கவே அதிகாரம் இல்லை என்று 2024 ஆகஸ்டில் தலைமை மாஜிஸ்திரேட் தீர்ப்பளித்தார். ஏறக்குறைய 74,000 வழக்குகள் செல்லாமல் போயின. அதே ஆண்டில் இன்னொரு விஷயமும் செய்தியானது. இளைஞர்களுக்கான தள்ளுபடி அட்டை ஒன்றில், வார நாட்களில் காலை 10 மணிக்கு முன் போகும் பயணங்களுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்ட் என்ற நிபந்தனை அப்போது இருந்தது. அதைக் கவனிக்காமல் டிக்கெட் எடுத்தவருக்கு இரண்டு பவுண்டுகூட வராத வித்தியாசத்துக்காக வழக்கு மிரட்டல் போனது. எதிர்ப்பு வந்த பிறகு, கட்டண வசூல் நடைமுறைகளை ஆராயும்படி அரசு ரயில் ஒழுங்குமுறை அமைப்பிடம் கேட்டுக்கொண்டது. காகிதம் காகிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டே போக, நடுவில் ஒரு மனிதர் நின்று "இவர் காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறார்" என்று கேட்காததால் வந்த வினை.

இதனால்தான் பயிற்சிக்கு வரும் புதியவர்களிடம் நான் சொல்வது, விட்டாலும் எழுதிவிட்டு விடுங்கள். தொகை பூஜ்யம் என்று போட்டு ஒரு ரசீது. என்ன குறை, ஏன் விட்டேன் என்று ஒரே ஒரு வரி. பிரதி பயணிக்கு, அடிக்கட்டை அலுவலகத்துக்கு. அடுத்த முறை அதே கதையோடு அதே ஆள் வந்தால் பதிவில் தெரியும். மேலதிகாரி "ஏன் விட்டாய்" என்று கேட்டால் ஊழியர் கையில் பதில் இருக்கும். அப்புறம், எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது: மாதக் கடைசியில் அந்த அடிக்கட்டைகளை எடுத்துப் பார்த்தால் நாம் யாரை விடுகிறோம், யாரைப் பிடிக்கிறோம் என்பது நமக்கே தெரிந்துவிடும். அன்று என்னிடம் அப்படி ஒரு புத்தகம் இருந்திருந்தால், "சரி சார்" என்று சொல்வதற்கு முன் அந்த அம்மாவின் ரசீது கண்ணில் பட்டிருக்கும்.

பெட்டியில் நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் என்ன பார்க்க வேண்டும் என்றும் கேட்பார்கள். முதலில் தவறு யார் பக்கம் என்று பாருங்கள். இயந்திரம் பழுதா, அறிவிப்பு குழப்பமா, ஆப் தகவலைக் காட்ட மறுக்கிறதா. நம் பக்கத் தவறுக்குப் பயணியிடம் வசூலிக்கக் கூடாது, அதில் விருப்புரிமை என்ற பேச்சே கிடையாது. பிறகு, உண்மையில் கட்டணம் ஏதாவது இழந்தோமா என்று பாருங்கள். பணம் கட்டிவிட்டுப் போன் சார்ஜ் தீர்ந்து நிற்பவரும், பணமே கட்டாதவரும் ஒன்று இல்லை. முன்னவருக்குப் பிறகு காட்ட ஒரு வழி கொடுங்கள். குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். பாதி சண்டைகள் அபராதத்தால் வருவதில்லை, பத்துப் பேர் முன்னால் கூனிக்குறுகி நிற்க வைத்ததால் வருகின்றன.

யாரையும் ஆபத்தான இடத்தில் இறக்கிவிடாதீர்கள். இந்திய ரயில்வே சட்டத்தின் 139-வது பிரிவு, ஆண் துணை இல்லாத பெண்ணையோ குழந்தையையோ கண்ட இடத்தில் இறக்கக்கூடாது என்கிறது. பயணம் தொடங்கிய நிலையம், சந்திப்பு, கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் என்று இடங்களையே குறிப்பிட்டு, அதுவும் பகலில் மட்டும் என்கிறது. கட்டணம் நாளைக்கும் வசூலாகும். இரவில் நடுவழியில் இறங்கிய ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் எந்த ரசீதாலும் ஈடுகட்ட முடியாது.

பயணிகளுக்கும் சில வார்த்தைகள். இயந்திரம் வேலை செய்யவில்லை என்றால் அதன் எண்ணும் நேரமும் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர் "பரவாயில்லை, ஏறுங்க" என்று சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் பெயரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதகர் வருவதைப் பார்த்தால் எழுந்து கழிவறைப் பக்கம் போகாதீர்கள். நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள், அந்த ஒரு செயல் உங்களைப் பற்றி எல்லாவற்றையும் மாற்றிவிடும். தள்ளுபடி டிக்கெட் என்றால் எந்த நேரத்துக்கு, எந்த வண்டிக்கு என்று ஒருமுறை படித்துவிடுங்கள். அபராதம் போட்டாலும் வண்டியில் மல்லுக்கு நிற்க வேண்டாம், ரசீதை வாங்கிக்கொண்டு மேல்முறையீடு செய்யுங்கள். கெடு தேதி இருக்கும், அதைத் தவற விடாதீர்கள். வரும் கடிதங்களைப் பிரிக்காமல் வைப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. சின்னத் தொகையில் முடிந்திருக்க வேண்டியது நீதிமன்றம்வரை போய்விடும்.

மேல்முறையீட்டில் நாங்கள் கண்ணீரை எடைபோடுவதில்லை, போட முடியாது. தேதி, நேரம், இடம், சான்று இவைதான் உதவும். ஒரு பெரியவருக்காக அவருடைய மகள் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். அப்பாவின் உடல்நிலை, அவருடைய நேர்மை, நாற்பது வருட உழைப்பு என்று மனதைத் தொடும் கடிதம். அதைப் படித்த பிறகும் என்னால் எதுவும் முடிவு செய்ய முடியவில்லை. அபராத ரசீதின் பிரதியைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பரிசோதகர் பென்சிலால் எழுதியிருந்தார்: "இரண்டாம் பிளாட்பார டிக்கெட் மெஷின் வேலை செய்யவில்லை என்கிறார். இறங்கிப் பார்த்தேன். உண்மை."

அந்தக் கோப்பை மூட அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.