கூட்டினால் 505, இருப்பது 650: பிறகு ஏன் கணினி நிற்கிறது?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “பாவித்த ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் பூட்டினேன். கார்டுக்கு 320 வாற்று, புரொசெசருக்கு 125, மற்றதெல்லாம் ஒரு 60. கூட்ட 505 தான் வருகுது. பவர் சப்ளை 650. பிறகு ஏன் கேம் ஓடும்போது சட்டென்று நிற்குது?”

கூட்டலில் பிழையில்லை. ஆனால் அந்த 320 வாற்று வெறும் சராசரி.

3080 சிப்பில் 8704 கணிப்பு அலகுகள் உண்டு. அடுத்த ஃபிரேமுக்கான, அதாவது திரையில் வரும் அடுத்த படத்துக்கான வேலை வரும்வரை அவற்றில் பெரும்பகுதி ஓய்ந்திருக்கும். வந்ததும் எல்லாம் ஒன்றாக விழிக்கும். சிப் இயங்குவது ஏறத்தாழ 1 வோல்ற்றில். ஆகவே 200 வாற்றுக் கூடுவதென்றால் 200 அம்பியர் கூடவேண்டும், அதுவும் மைக்ரோசெக்கன் கணக்கில்! முதல் அவசரத்தைச் சிப்பின் அடியில் ஒட்டியிருக்கும், மின்னைத் தேக்கிவைக்கும் பொடிக் கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்கள்) தீர்க்கின்றன. அவை வடிவதற்குள், 12 வோல்ற்றை இறக்கித் தரும் சுற்றின் சுருள்கள் கைகொடுக்கவேண்டும். சுருளிலோ மின்னோட்டம் படிப்படியாகத்தான் ஏறும். அதன் பின் 12 வோல்ற்றுப் பக்கத்துக் கொள்ளளவிகள். அவையும் தளர்ந்த பிறகே கேபிள் வழியாகப் பவர் சப்ளையிடம் கேட்கிறது கார்டு. இவ்வளவையும் தாண்டி வரும் உச்சம், மில்லிசெக்கனுக்கும் குறைந்த நேரத்துக்கு 450 வாற்றை மீறுவதுண்டு. கார்டின் கட்டுப்பாடு சராசரியைப் பார்த்தே இயங்குவதால், அது தடுக்குமுன் உச்சம் வந்து போய்விடும். திரையில் காட்டும் எண்ணிலும் இது பிடிபடாது.

அதே கணத்தில் புரொசெசரும் 125ஐத் தாண்டினால் மொத்தம் 650ஐயும் தாண்டிவிடலாம். பவர் சப்ளையின் காப்புச் சுற்று இதைக் கோளாறென்று எடுத்து அணைத்துவிடும். இந்தக் குறும் உச்சங்களுக்காகவே 2022இல் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் 3.0 தரம் வந்தது: 450 வாற்றுக்கு மேற்பட்ட, புதிய 16 முனைச் செருகியுள்ள சப்ளை, 100 மைக்ரோசெக்கனுக்குத் தன் அளவின் இருமடங்கைத் தாங்கவேண்டும்.

பழைய தரச் சப்ளை என்றால் கூட்டுத்தொகையை ஒன்றரையால் பெருக்குங்கள். 505க்கு 757 வரும். சிப்பை உருவாக்கிய என்விடியாவும் 3080க்கு 750 என்றே சொல்கிறது. பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் நம்பவேண்டாம். ஸ்டிக்கரில் 12 வோல்ற்றுக்கு நேரே உள்ள அம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 54 அம்பியர் என்றால் 648 வாற்று, நல்லது. 38 என்றால் 456தான்; அந்த “650”ஐ வாங்காதீர்கள். சப்ளையில் உள்ள கோல்ட், புரொன்ஸ் முத்திரைகள் மின் வீணாவதை மட்டுமே அளப்பவை.

பெரிய சப்ளை போட்டால் கரண்ட் பில் ஏறும் என்று கடைகளில்கூடச் சொல்கிறார்கள். ஏறாது. கணினி கேட்பதைத்தான் அது இழுக்கும்.

கார்டுக்கு மின் தரும் 8 முனைச் செருகி ஒன்று 150 வாற்றுக்கானது. இரண்டு செருகிக்கும் தனித்தனிக் கேபிள் கொடுங்கள். ஒரே கேபிளின் இரண்டு கிளைகளைக் கொடுத்தால் கம்பியும் முனையும் சூடேறும். வேறு மொடலின் கழற்றும் கேபிளைப் பூட்டவே வேண்டாம்: சப்ளைப் பக்கத்து முனை ஒழுங்கு மொடலுக்கு மொடல் மாறும், பிழையான வோல்ற்று போய் டிரைவ் எரியும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருமலை அறைகள் கொதிக்கும். சப்ளைக்குள் இருக்கும் மின்பகு கொள்ளளவியின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஏறத்தாழப் பாதியாகும். 105 பாகைத் தரமுள்ளவை போட்ட சப்ளையே இங்கே பொருத்தம். கடலோர வீடுகளில் உப்பீரம் கலந்த தூசு உள்ளே படியும். வெளியிலிருந்து ஊதுங்கள், திறக்கவேண்டாம்: அணைத்த பின்னும் உள்ளே 400 வோல்ற்று வரை தங்கியிருக்கலாம்.

புதியது வாங்கும்வரை, கார்டின் மின் எல்லையை மென்பொருளில் 80 வீதமாக இறக்கி, ஃபிரேம் எண்ணிக்கையை 60இல் கட்டிவையுங்கள். உச்சங்களும் கூடவே தணியும்.