வலைப்பதிவு என்னும் சிட்டை

நகரத்தார் லேவாதேவிக் கடைகளில் அன்றன்றைய வரவு செலவு முதலில் சிட்டையில் ஏறும். பிறகு பேர்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். வலைப்பதிவு மென்பொருளும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. பதிவுகள் தேதியோடு தரவுத்தளத்தில் சேர்கின்றன. 'கொட்டான்' (பனையோலைக் கூடை) என்ற குறிச்சொல்லைத் தொட்டால் திறக்கும் பக்கத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. கேட்ட நொடியில் மென்பொருள் கோத்துத் தருகிறது. சிட்டையில் பழையது மேலே இருக்கும், இங்கே புதியது மேலே வரும்.

சிட்டையில் இல்லாத ஒன்றும் இதில் உண்டு: ஒவ்வொரு பதிவுக்கும் தனி முகவரி. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்பவர் புது வடிவத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பதிவாகப் போட்டால் மூன்று வருஷம் கழித்தும் அதே இணைப்பைக் கொத்தனாருக்கு அனுப்பலாம்.

அந்த முகவரி பதிவின் தலைப்பிலிருந்தே உருவாகும்; அங்கேதான் தமிழுக்குச் சிக்கல். 'ஆத்தங்குடி' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் புள்ளி, கொக்கி எல்லாம் தனித்தனிக் குறிகள் என்பதால் பத்து. ஒரு குறிக்கு மூன்று பைட், ஆக முப்பது. முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரிய, ஒரே ஊர்ப்பெயர் 90 இடத்தை அடைத்துக்கொள்ளும். வேர்ட்பிரஸ் என்னும் வலைப்பதிவு மென்பொருள் தலைப்புக்குத் தருவது 200 இடம். இருபத்திரண்டு குறிக்கு மேல் வால் அறுந்துவிடும். இன்னொரு வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரோ தமிழை விட்டுவிட்டுப் பொதுப்பெயர் ஒன்றை வைத்துவிடும். வெளியிடுமுன் முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் தட்டிவிடுவதே வழி. வெளியிட்ட பின் மாற்றினால், ஏற்கெனவே அனுப்பிய இணைப்புகள் அறுந்துபோகலாம்.

வகுப்புக்கென்று வலைப்பதிவு நடத்தினால் முதலில் பார்க்க வேண்டியது, யார் வெளியிடலாம் என்ற உரிமை. பிளாக்கரில் பதிவெழுதும் உரிமை கொடுத்தால் மாணவரே நேராக வெளியிட்டுவிடலாம். வேர்ட்பிரஸில் 'பங்களிப்பாளர்' நிலை இருக்கிறது; எழுதலாம், வெளியிட முடியாது. பள்ளிக்கு அதுவே பொருத்தம். அந்த நிலையில் படம் ஏற்ற முடியாது என்பதால் படங்களை ஆசிரியர்தான் சேர்க்க வேண்டும். ஒரு விதத்தில் அதுவும் நல்லது. செல்போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒளிந்திருக்கலாம். மாணவர் வீட்டு முற்றத்தில் எடுத்த படம் அந்த வீட்டையே காட்டிக்கொடுக்கும். கேமராவில் இடப்பதிவை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். அகலத்தை 1200 புள்ளிக்கு (பிக்சல்) குறைத்தால் 4 எம்பி படம் பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும்.

முப்பது பேரின் கட்டுரையையும் ஒரே நாளில் வெளியிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. புதுப் பதிவுகளை வாசகருக்குக் கொண்டுபோகும் ஓடையில் வேர்ட்பிரஸ் வழக்கமாக வைப்பது கடைசிப் பத்தைத்தான். அந்த ஓடையைப் படித்துக் காட்டும் செயலியான ஓடைவாசிப்பான் நாளுக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தால் மீதி இருபது அதன் கண்ணிலேயே படாது. நாளுக்கு ஐந்து என்று நேரம் குறித்து விடலாம்.

திருத்தும்போது 'ஔவையார்' மேல் ஒரு கண் இருக்கட்டும். பலர் ஒ, ள என்று இரண்டெழுத்தாகத் தட்டுவார்கள். திரையில் வித்தியாசம் எளிதில் தெரியாது. தளத்தின் தேடுபெட்டிக்கோ அவை வேறு வேறு சொற்கள். ஔவையைத் தேடினால் அந்தக் கட்டுரை அகப்படாது.

தொழிலுக்கு எழுதுகிறவர்கள் 'பாரம்பரியம்', 'கலைநயம்' என்று பக்கத்தை நிரப்புவதால் ஒரு கல்கூட விற்காது. வாங்க வருபவர் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்பதே நல்ல தலைப்பு. 'நூறு சதுர அடிக்கு எத்தனை கல்?' பத்து அங்குலக் கல் என்றால் 144; உடைசலுக்கு ஐந்து சதவீதம் கூட்டினால் 152. 'சுடாத கல்லுக்கு எங்கிருந்து இந்த மினுமினுப்பு?' கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்ட் கூழை ஊற்றுகிறார்கள். அதன்மேல் உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவி, ஈரக்கலவையால் மூடுகிறார்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம்தான் பிறகு தரையாகிறது. இப்படிக் கேள்வியையே தலைப்பாக்கினால், தேடுபொறியில் அதே சொற்களைத் தட்டுகிறவர் கண்ணில் படும் வாய்ப்பு கூடும்.

விலையை மட்டும் பதிவில் எழுத வேண்டாம், தனிப்பக்கத்தில் வையுங்கள். பதிவு வெளியானதும் சந்தாதாரரின் மின்னஞ்சலுக்கும் ஓடைவாசிப்பானுக்கும் நகல் போய்விடுகிறது. பிறகு தளத்தில் திருத்தினாலும் மின்னஞ்சலில் பழைய விலையே நிற்கும். அதைக் காட்டித்தான் வாடிக்கையாளர் பேரம் பேசுவார். தவறி எழுதிவிட்டால், பழைய எண்ணை அழிக்காமல் குறுக்கே கோடிட்டு, பக்கத்தில் புது எண்ணைத் தேதியோடு போடுங்கள்.