வீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறீர்களா? கொட்டேஷனின் கடைசி வரியைப் பாருங்கள்

"அண்ணா, இந்த கான்ஃபிகரேஷன் ஓகேவா?" என்று வாட்ஸப்பில் கொட்டேஷன் அனுப்புகிறவர்கள் எதிர்பார்ப்பது முதல் இரண்டு வரிகளைப் பற்றிய பதிலைத்தான். பிராசஸர் போதுமா, கிராபிக்ஸ் கார்டில் இன்னும் ஒரு படி மேலே போகலாமா, இவ்வளவுதான் கேள்வி. சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருக்கும் நான் அதே கொட்டேஷனைக் கீழிருந்து மேலே படிப்பேன். கடைசி வரியில் 'கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்' என்று இருக்கும். கேபினட் என்பது வெளிப்பெட்டி, எஸ்எம்பிஎஸ் என்பது உள்ளே எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. கம்பெனி பெயர் இருக்காது, எத்தனை வாட் என்று இருக்காது. விலை மட்டும் மற்ற எல்லாவற்றையும் விடக் குறைவாக இருக்கும். 'டெட்' என்று சொல்லி என்னிடம் தூக்கி வரும் சிஸ்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வரியில்தான் வினை ஆரம்பித்திருக்கிறது.

கேபினட்டோடு இலவசம் மாதிரி வரும் அந்த லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். காற்றாய் இருக்கும். நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் ஒன்றை இன்னொரு கையில் வைத்தால், திறக்காமலே வித்தியாசம் தெரிந்துவிடும். திறந்தால் இன்னும் தெளிவு: கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில் மின் இரைச்சலை வடிகட்டும் கம்பிச்சுருளும் கெப்பாசிட்டர்களும் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும், சில போர்டுகளில் அங்கே வெறும் கம்பித் துண்டைச் சால்டர் செய்திருப்பார்கள். சூட்டை இழுக்க வேண்டிய ஹீட் சிங்க் மெல்லிய தகடு. வெளியே வரும் ஒயர்களும் ஒல்லி.

ஸ்டிக்கரில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அதே ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும். அதில் 12 வோல்ட் கட்டத்தை மட்டும் பாருங்கள். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது ஏறக்குறைய முழுக்க அந்த 12 வோல்ட்டைத்தான். அங்கே 14 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள், 168 வாட். அவ்வளவுதான் அதன் உண்மையான பலம், அதுவும் ஸ்டிக்கர் உண்மை பேசினால். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் மட்டுமே 400 வாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்.

'80 பிளஸ்' முத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான சான்று அது. 80 சதவீதம் என்றால், சிஸ்டத்துக்கு 100 வாட் தேவைப்படும்போது சுவரிலிருந்து 125 வாட் இழுக்கும், மீதி 25 வாட் சூடாகப் போகும். நல்ல விஷயம்தான். ஆனால் ஷார்ட் ஆனால், வோல்டேஜ் எகிறினால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு உள்ளே இருக்கிறதா என்பதை அந்த முத்திரை சொல்லாது. வாங்குமுன் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு இல்லாத எஸ்எம்பிஎஸ் தனியாகச் சாகாது, மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகும். ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் அம்பதாயிரத்தை அடகு வைப்பது இதுதான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்துக்கு நல்ல கம்பெனியின் 450 வாட் தாராளம். நடுத்தரக் கார்டு போடுவதாக இருந்தால் 550, 650. அதற்கு மேல் போக வேண்டிய தேவை பெரும்பாலான வீடுகளில் இல்லை.

அடுத்தது யாருமே கொட்டேஷனில் எழுதாத விஷயம்: எர்த், அதாவது கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் மூன்றாவது ஒயர்.

திருவல்லிக்கேணியில் ஒரு கல்லூரிப் பையன், லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி நல்லதாக ஒன்று போட்டுக்கொண்டான். மறுநாளே போன். "அண்ணா, புதுசு மாட்டினதுல இருந்து கேபினட்டைத் தொட்டா சுருக்குன்னு அடிக்குது. பழசே பரவால்ல போல." வீட்டுக்குப் போனேன். கேபினட்டின் பின்பக்க ஸ்க்ரூவில் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது. பிளக் பாயின்ட் பார்க்க மூன்று ஓட்டை, அம்சமாக இருந்தது. பிளேட்டைக் கழற்றினால் உள்ளே வந்திருப்பது இரண்டே ஒயர். எர்த் பின்னில் எதுவும் இல்லை.

இதில் புது எஸ்எம்பிஎஸ் மேல் ஒரு தப்பும் கிடையாது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் கரண்ட் வரும் பேஸ் ஒயரிலிருந்து ஒன்று, அது திரும்பும் நியூட்ரல் ஒயரிலிருந்து ஒன்று என இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் அதன் இரும்பு உடம்போடு இணைந்திருக்கும். இரைச்சலை எர்த்துக்கு அனுப்பிவிடுவது அவற்றின் வேலை. எர்த்தே இல்லாதபோது அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கேபினட், 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதிக்கு, அதாவது 115 வோல்ட் அளவுக்கு, மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி எறியாது, சுருக்கென்று மட்டும் இருக்கும். லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கெப்பாசிட்டர்களே இல்லாததால் அது 'ஷாக் அடிக்காத' நல்ல பிள்ளையாகத் தெரிந்திருக்கிறது.

சுருக்கோடு போய்விட்டால் பரவாயில்லை. இப்படி மிதக்கும் கேபினட்டில், எர்த்தோடு தொடர்புள்ள டிவியிலிருந்தோ மானிட்டரிலிருந்தோ எச்டிஎம்ஐ கேபிளை ஓடும்போதே சொருகினால் அந்த வோல்டேஜ் வித்தியாசம் முழுக்க கேபிள் சொருகும் போர்ட் வழியாகத்தான் இறங்கும். 'கேபிள் மாட்டினேன், டிஸ்ப்ளே போயிடுச்சு' என்று வரும் கார்டுகளில் இந்தக் கதையை நான் பார்க்கிறேன்.

இதைவிட மோசமானது, எர்த் இல்லாத இடத்தில் சில எலக்ட்ரீஷியன்கள் செய்யும் குறுக்குவழி. பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவார்கள். சுருக் நின்றுவிடும், டெஸ்டர் எரியாது, மல்டிமீட்டரில்கூட எல்லாம் சரியாகவே காட்டும். என்றைக்காவது அந்த நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால், கேபினட்டின் மேல் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். அது உயிரோடு விளையாடுவது. அதனால் மீட்டர் காட்டுவதோடு விடாமல், மெயினை ஆஃப் செய்துவிட்டு பிளேட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் கணக்கு இதுதான்: பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஏறக்குறைய 230 இருக்க வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் பிராசஸர் வாங்குமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. ஹவுஸ் ஓனரிடம் பேசுவதற்கும் நாள் பிடிக்கும், இல்லையா.

யுபிஎஸ் வாங்குகிறவர்கள் 600 என்ற எண்ணைப் பார்த்து 600 வாட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது விஏ, அதாவது வோல்ட்-ஆம்பியர், வாட் இல்லை. சாதாரண 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட்தான். கிராபிக்ஸ் கார்டோடு கேம் ஓடும்போது கரண்ட் போனால் அது கீச்சென்று கத்திவிட்டு அப்படியே நின்றுவிடும். லேசர் பிரின்டரை அதில் மாட்டவே கூடாது. வீட்டு இன்வெர்ட்டரை நம்பியிருப்பவர்கள் அதில் இருக்கும் சுவிட்ச் 'யுபிஎஸ்' பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். 'நார்மல்' பக்கம் இருந்தால் மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம், ஃபேன் கண்டுகொள்ளாது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

அப்புறம் நம்ம ஊர் வெயிலும் கடலும். கண்ணாடி முகப்பு, உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் கேபினட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்பக்கம் வலை மாதிரி ஓட்டை இருக்கும் கேபினட் எடுங்கள். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, அது போதும். கத்திரி வெயிலில் ரூமே 36 டிகிரி இருக்கும்போது எந்தக் காற்றுக் கூலரும் அதற்குக் கீழே பிராசஸரைக் குளிர வைக்க முடியாது. பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் பக்கம் கடற்காற்றின் உப்பு ஸ்க்ரூவைத் துருப்பிடிக்க வைக்கும், போர்ட்டைப் பச்சை பூக்க வைக்கும். ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். கேபினட்டின் பின்னால் காலியாக இருக்கும் ஸ்லாட்களின் மூடிகளைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். பல்லி சந்து பார்த்து நுழைந்து எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் முடிந்துபோவது இந்த ஊரில் சாதாரணம். வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்வான இடங்களில் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் கேபினட்டைத் தரையில் வைக்கவே வேண்டாம். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த சிஸ்டங்களைக் காய வைக்காமல் ஆன் செய்து பார்த்ததில்தான் பல பேருக்கு டேட்டா போனது.

எந்தப் பிராசஸருக்கு எந்த மதர்போர்டு, எந்த ரேம் என்று பொருத்தம் பார்ப்பது பலரும் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1700 சாக்கெட், ஏஎம்டியின் புதியவற்றுக்கு ஏஎம்5. ஏஎம்5-இல் டிடிஆர்5 ரேம் மட்டுமே போகும். எல்ஜிஏ 1700-இல் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, ஒன்றில் இன்னொன்று ஏறாது. இன்டெல் பிராசஸர் பெயரில் 'எஃப்' இருந்தால் கிராபிக்ஸ் உள்ளே கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் டிஸ்ப்ளே வராது. 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 எடுத்தால் முதல் வேலையாக பயோஸ், அதாவது போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருளை, அப்டேட் செய்யுங்கள். வோல்டேஜ் அதிகமாகப் போய் பிராசஸர் கெட்டுப்போகும் பிரச்சினைக்கு இன்டெல் 2024-இல் கொடுத்த திருத்தம் அதில்தான் வருகிறது.

பாகங்கள் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, பில். 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கலாம் என்று வெள்ளைத் தாளில் எழுதி வாங்கினால், வாரன்டிக்கு நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் ஏற வேண்டும். போர்டு வாங்கும்போது பெட்டியைக் கடையிலேயே திறந்து, சாக்கெட் மூடியைத் தூக்கி, போன் டார்ச் அடித்துப் பாருங்கள். இன்றைய சாக்கெட்களில் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. ஒரு பின் வளைந்திருந்தாலும் வாரன்டி கிடைக்காது, வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு வளைத்தது யார் என்று நிரூபிக்கவும் முடியாது. 2025 கடைசியில் ரேம் விலை ஏறியதிலிருந்து பழைய சிஸ்டத்தில் கழற்றிய ரேமைப் புதிதென்று தள்ளுவதும் நடக்கிறது. சீல் இல்லாத ரேமைத் தொடாதீர்கள்.

மாட்டுவதற்கு வீடியோக்கள் ஏராளம், அதனால் அதிகம் சொல்லப் போவதில்லை. உடம்பில் சேரும் ஸ்டாடிக் கரண்ட் பற்றி அவற்றில் ரொம்பவே பயமுறுத்துவார்கள். நம்ம ஊர் ஈரக் காற்றில் அது அவ்வளவு இல்லை, அவ்வப்போது கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டால் போதும். இங்கே உண்மையான எதிரி நெற்றி வியர்வை. அது சாக்கெட்டுக்குள் ஒரு சொட்டு விழுந்தால் கதை முடிந்தது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, தோளில் துண்டு போட்டுக்கொண்டு வேலையைப் பாருங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை உரித்துவிடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். கேபிளைக் கழற்றி மாட்டும் வகை (மாடுலர்) எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. சொருகினால் ஏறிவிடும், ஆனால் உள்ளே ஒயர் வரிசை வேறாக இருந்து எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் கருகிவிடும்.

ஆன் செய்து டிஸ்ப்ளே வரவில்லை என்றால் உடனே பதறாதீர்கள். டிடிஆர்5 சிஸ்டம் முதல் தடவை ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ள சில நிமிடம் கறுப்புத் திரையிலேயே நிற்கும். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இல்லாமல் போர்டில் சொருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்குப் போகும் 8 பின் பவர் கேபிள், அது விட்டுப்போவது ரொம்ப சகஜம். அடுத்து ரேமைக் கழற்றி, 'டக்' சத்தம் வரும் வரை அழுத்தி, ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள். எதற்கும் மசியவில்லை என்றால் கடைக்குக் கொண்டு வாருங்கள். வரும்போது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வையுங்கள், நம்ம ரோட்டுப் பள்ளத்தில் ஆட்டோ குதிக்கிற குதிக்கு அதன் எடை ஸ்லாட்டையே பெயர்த்துவிடும். கேபினட்டைப் போர்டு கீழ்ப்பக்கம் வரும்படி படுக்க வைத்து எடுத்து வாருங்கள். பவர் கார்டையும் மறக்காமல் கொண்டு வாருங்கள், சில நேரம் பழுது அதில்தான் இருக்கும்.