ஹேமர்டு காசு என்றால் சுத்தியடிக் காசு

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரோடு உழுத வயலில் நடப்பவர்களுக்கு ‘ஹாமி’ கிடைத்த நாள் நல்ல நாள். ‘ஹேமர்டு’ என்ற சொல்லின் செல்லச் சுருக்கம் அது. ஹேமர் என்றால் சுத்தியல். சுத்தியலால் அடித்த காசு என்று பொருள்.

கீழச்சை மரக்கட்டையில் இறுக்கி நிறுத்துவார்கள். அதன்மேல் வெள்ளி வில்லை, வில்லைமேல் கையில் பிடித்த மேலச்சு, அப்புறம் ஓங்கி ஓர் அடி. அச்சு கொஞ்சம் விலகினாலும் ராஜாவின் கிரீடம் பாதி காணாமல் போகும். அதனால்தான் ஒரே அச்சில் பிறந்த இரண்டு காசுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

எல்லாக் காசையும் கையால் அடித்த காலத்தில் இந்த அடைமொழிக்கு வேலையே இல்லை. இயந்திரத்தில் செய்த ‘மில்டு’ காசு வந்து, 1662-ல் இரண்டாம் சார்லஸ் ஆட்சியில் அதுவே நிலைத்தது. பழையதைப் பிரித்துச் சொல்ல அப்போதுதான் ஒரு பெயர் தேவைப்பட்டது.

தமிழில் ‘சுத்தியல் நாணயம்’ என்றால் சுத்தியல் படம் போட்ட காசு என்று தோன்றும். ‘முத்திரைக் காசு’ம் சரிவராது. அது சின்னங்களைத் தனித்தனியாகக் குத்திய பழைய இந்தியக் காசின் பெயர். ‘சுத்தியடிக் காசு’ என்பதே பொருத்தம். காசு ‘அடிப்பது’ என்றுதானே நாமும் சொல்கிறோம்? அடிக்கும் இடத்துக்கு அக்கசாலை, கம்பட்டம் என்ற அருமையான சொற்களும் நம்மிடம் உண்டு.

சரி, கையில் கிடைத்தது யாருடைய காசு? பெயரை மட்டும் நம்பக் கூடாது. 1180 முதல் 1247 வரை அடித்த, பின்பக்கத்தில் குட்டைக் கைச் சிலுவை உள்ள குறுஞ்சிலுவைப் பென்னிகளில், ரிச்சர்டும் ஜானும் ஆண்ட காலத்திலும், ‘ஹென்ரிகஸ்’ (ஹென்றி என்பதன் லத்தீன் வடிவம்) என்றே இருக்கும். பின்பக்கத்தில் உள்ள அக்கசாலையாளர் பெயரையும் ஊரையும் சேர்த்துப் படித்தால் காலத்தைக் கணிக்க உதவும். 1247-ல் சிலுவையின் கைகள் விளிம்புவரை நீண்டன. ஓரத்தை நறுக்கி வெள்ளி எடுத்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். 1279-க்குப் பிந்திய எட்வர்டு பென்னி என்றால், சிலுவையின் ஒவ்வொரு மூலையிலும் மூன்று புள்ளிகள். லண்டனில் அடித்ததென்றால், சுற்றிலும் ‘சிவி, டாஸ், லான், டான்’ என நான்கு துண்டாய் லண்டன் நகரத்தின் லத்தீன் பெயர்.

முக்கோணத் துண்டு கிடைத்தால் உடைசல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1279-க்கு முன் சில்லறைக்காகப் பென்னியைச் சிலுவைக் கோட்டிலேயே வெட்டினார்கள். அதன் நாலில் ஒரு துண்டுதான் ‘ஃபார்திங்’. அந்தச் சொல்லின் பொருளே கால் பங்கு.