மூக்கின் ஒரு பக்கம் மட்டும் தண்ணீராக ஒழுகுகிறதா?

"குனிஞ்சு பெருக்கினா பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி சொட்டுது டாக்டர். அதுவும் வலது பக்கம் மட்டும்."

ஐம்பதை நெருங்கிய அந்த அம்மா ஏழு மாதமாக ஒவ்வாமைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டேன். ஒழுகல் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு வண்டியிலிருந்து விழுந்திருக்கிறார். அன்று எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் அந்தப் பேச்சே அப்புறம் எழவில்லை. மெல்லிய விரிசல் சாதாரண ஸ்கேனில் தப்பிவிடுவது உண்டு. வீக்கமும் ரத்தக்கட்டும் முதலில் ஓட்டையை அடைத்து வைத்திருக்கும். அவை கரைந்த பிறகே ஒழுகத் தொடங்கும்.

அவருக்கு மூக்கு வழியாக வந்தது சளி இல்லை, மூளையைச் சுற்றியிருக்கும் நீர்.

மூளைக்கு மூன்று உறைகள். மண்டையோட்டை ஒட்டித் தோல் போலத் தடித்த டியூரா, அதன் உள்ளே சிலந்தி வலை போன்ற அரக்னாய்டு, மூளையின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒட்டிப் படிந்த பையா. பின்னிரண்டுக்கும் நடுவில்தான் இந்த நீர் ஓடுகிறது. பெரியவர்களுக்குச் சுமார் 150 மில்லி. ஆனால் மூளையின் உள்ளறைகளில் ஒரு நாளில் சுரப்பது ஏறத்தாழ 500 மில்லி. பழையது ரத்தத்தில் கலந்துவிட, மொத்த நீரும் தினம் மூன்று தடவைக்கு மேல் புதிதாகிறது. சுமார் 1,400 கிராம் மூளை இதில் மிதப்பதால் அதன் எடை 50 கிராம் அளவுக்கே உணரப்படுகிறது. நீர் குறைந்தால் மூளை சற்றுக் கீழே இறங்கி உறைகளை இழுக்கும். எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் நிம்மதி என்று சிலர் சொல்வது இதனால்தான்.

மூக்கின் கூரையில் இருப்பது சல்லடை போன்ற மெல்லிய எலும்பு. மோப்ப நரம்புகள் அந்தத் துளைகள் வழியே இறங்குகின்றன. டியூரா அங்கே இறுக ஒட்டியிருப்பதால் எலும்பு விரிசல் விட்டால் அதுவும் கிழியும். நீர் வெளியேறும் அதே வழியில் மூக்கின் கிருமிகள் உள்ளே ஏறி மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கலாம். என் பயம் அதுதான்.

சரி, எப்போது சந்தேகப்படுவது? ஒரு பக்கம் மட்டும், தெளிந்த தண்ணீராக, குனியும்போது அதிகமாகச் சொட்டினால். படுத்திருக்கையில் தொண்டையில் உப்புக்கரித்தால். வாசனை தெரியாமல் போயிருந்தால். அடிபடாமலும் வரலாம், குறிப்பாகத் தலைக்குள் அழுத்தம் கூடுதலாக உள்ளவர்களுக்கு. சொட்டும் நீரைச் சுத்தமான சிறு குப்பியில் பிடித்துக் கொடுத்தால் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைத் தேடுவார்கள். மூக்குச் சளியில் அது இருக்காது.

அதுவரை மூக்கைச் சிந்தக் கூடாது. பஞ்சு வைத்து அடைக்கவும் கூடாது. முக்குவதும் பளு தூக்குவதும் வேண்டாம். தலையைச் சற்று உயர்த்திப் படுங்கள். அடிபட்டதும் தொடங்கும் கசிவு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே நின்றுவிடும். நிற்காவிட்டால் அந்த ஓட்டையை அடைத்தாக வேண்டும். அந்த அம்மாவுக்குத் தலையைத் திறக்கவில்லை. மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் செலுத்தி, அவருடைய திசுவையே வைத்து ஒட்டினோம்.

இப்படிக் கசிவு இருப்பவருக்குக் காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், வாந்தியோ குழப்பமோ வந்தால், நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மூக்கில் நீர் கசிவதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.