தண்ணீர் மணக்கிறதென்றால், எப்படி மணக்கிறது?

"தண்ணி நாறுது" என்றுதான் எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போத்தலோடு வருபவர்கள் பெரும்பாலும் தொடங்குவார்கள். எங்களுக்கு வேண்டியது அதற்கடுத்த சொல். மழை விழுந்த மண் மணமா, அவித்த முட்டை நாற்றமா, மருந்துக்கடை வாசமா, புதுப் பிளாஸ்டிக் மணமா? அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் எந்தக் கருவியை எடுப்பது என்ற யோசனை பாதி முடிந்துவிடும்.

மண் மணத்தையே எடுங்கள். திருகோணமலை நகருக்குக் கந்தளாய்க் குளத்திலிருந்து தண்ணீர் வருகிறது. கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் எந்தக் குளமும் வற்றிப் பச்சை படரலாம். அந்தப் பச்சையிலுள்ள சில நீலப்பச்சைப் பாசிகள் ஜியோஸ்மின் என்ற பொருளை விடுகின்றன. லீற்றருக்கு 10 நானோகிராம் இருந்தாலே பலருடைய மூக்குக்குத் தெரியும். 25 இலட்சம் லீற்றர் தண்ணீரில் 25 மில்லிகிராம்; சீனியென்றால் ஒரு சிட்டிகைகூட இல்லை. குளோரின் போட்டாலும் இது எளிதில் அழியாது, கிளர்வூட்டிய கரிதான், அதாவது உறிஞ்சும்படி பதப்படுத்திய கரிதான், பிடித்து வைக்கும். அந்த அளவில் ஜியோஸ்மினால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் வாய்க்குப் பிடிக்காது.

மணம் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. கரியில் வடித்த, மணமே இல்லாத தண்ணீரைச் சேர்த்து மாதிரியை ஐதாக்கிக்கொண்டே போவோம். 50 மில்லிலீற்றரை 200 ஆக்கியும் மணம் மட்டுமட்டாகத் தெரிந்து, அதற்கு மேல் ஐதாக்கினால் தெரியாமல் போகிறதென்றால் மண எண் 4. சூடாக்கினால் மணம் மேலெழும், அதனால் வெப்பநிலையையும் குறித்துவைப்போம். மோப்பம் பிடிப்பவர் ஒருவராக இருக்கக் கூடாது, நாலைந்து பேர் வேண்டும். வெற்றிலை போட்டவர், சென்ற் பூசியவர், தடிமன் பிடித்தவர் அன்று வெளியே. பரிசோதனை நாட்களில் நான் காலையில் கருவாட்டுப் பக்கமே போவதில்லை, வீட்டில் அதற்கொரு தனிச் சண்டை நடக்கும். முதல் மோப்பத்தைத்தான் நம்பலாம்; திரும்பத் திரும்ப முகர்ந்தால் மூக்கு பழகிவிடும். கிருமி இல்லையென்ற முடிவு வரும்வரை எதையும் வாயில் வைப்பதில்லை.

வீட்டில் நீங்களும் பார்க்கலாம். கழுவிய கண்ணாடிப் போத்தலில் பாதிக்குத் தண்ணீர் பிடித்து மூடி, இளஞ்சூட்டு நீரில் சற்று நேரம் வையுங்கள். பிறகு குலுக்கி, முற்றத்துக்குப் போய்த் திறந்து முகருங்கள். முற்றத்தில் மணமில்லை, குசினியில்தான் நாறுகிறதென்றால் குற்றவாளி தண்ணீரல்ல, சிங்க்கின் கழிவுக்குழாய். மீற்றரடியில் பிடித்ததில் மணமில்லாமல் தாங்கித் தண்ணீரில் மட்டும் இருந்தால், தாங்கிமேல் ஏறிப் பாருங்கள்.

உப்புவெளிப் பக்கம் ஒரு அம்மா பைப்புத் தண்ணீரைத் தொடமாட்டேன் என்று நின்றார். "மருந்து மணம், மகன். எங்கட கிணத்துத் தண்ணி இளநி மாதிரி." குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் இருந்தது. கிருமி அண்டாமலிருக்கக் குழாயில் மிஞ்சியிருக்க வேண்டிய அளவுதான் அது. 0.3 இருந்தாலே கண்டுபிடிப்பவர்கள் உண்டு, ஆகவே அம்மாவின் மூக்கில் பிழையில்லை. பிடித்து மூடிவைத்துச் சில மணித்தியாலம் கழித்துக் குடித்தால் மணம் குறையும் என்றேன்.

கிணற்றடிக்குப் போனோம். மலசலகூடக் குழி எட்டே எட்டு வைக்கும் தூரத்தில் இருந்தது, மணல் நிலம். போத்தலை முகர்ந்தேன்; மணம் ஒன்றுமே இல்லை, அவ்வளவு சுத்தம். இரண்டு நாளில் வந்த முடிவில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமி இருந்தது.

முடிவைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, கொதிக்க வைச்சுக் குடிக்கிறன்" என்றார். கொதித்தால் கிருமி சாகும். ஆனால் குழியிலிருந்து கிருமி வரும் வழியில் நைத்திரேற்று என்ற, கைக்குழந்தைகளுக்குக் கேடான உப்பும் வரலாம். அது கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். அதற்கு மணமும் இல்லை. திண்ணையில் மருமகள் கைக்குழந்தையோடு இருந்தார். பால்மா எந்தத் தண்ணீரில் கரைக்கிறீர்கள் என்று கேட்டேன். அம்மா கிணற்றைப் பார்த்தார். வாளியை இறக்கி, நைத்திரேற்றுக்கென்று இன்னொரு போத்தல் நிரப்பிக்கொண்டு வந்தேன்.